பொட்டுக்குக் கீழே துரு

மாப்ளே,

முதலில் ஒரு பிரமாணம் செய்துவிடுகிறேன். இந்த மடலில் நான் எழுதப்போகும் கதையை ஈரேழு பதினான்கு உலகத்திலும் ஒருவர்கூட நம்பமாட்டார். வத்திராயிருப்பில் தொடங்கித் தென்காசி வரைக்கும் சொல்லிப் பார்த்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், நம்பியது மட்டும் கிடையாது. நம்பக்கூடிய ஆள் நீ ஒருவன்தான். நீ அங்கே நின்றவன். இப்போது நீ எழுந்து வந்து குறுக்கே பேச முடியாது என்பது எனக்கு இன்னும் வசதி.

நேற்று சாயங்காலம் பஞ்சு மார்க்கெட் பக்கமாக நடந்து போனேன். ஒரு பட்டறை வாசலில் பழைய அம்பாசடர் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒருவன் மல்லாக்கப் படுத்து அதன் அடிவயிற்றில் ரெட் ஆக்சைடு பூசிக்கொண்டிருந்தான். துருப் பிடித்த இடத்தை மறைக்க அடிக்கிற அந்தச் செங்காவிப் பெயின்ட்டின் வாசம் மூக்கில் ஏறியதும் கால் அங்கேயே நின்றுவிட்டது. "நாளைக்கு எப்.சி.க்குப் போவுது அண்ணாச்சி" என்றான் அவன், நான் கேட்காமலே. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற காகிதம்தான் எப்.சி. வாடகைக் காருக்கு அது இல்லையென்றால் ஸ்டாண்டில் நிற்கக்கூட யோக்கியதை கிடையாது. வீட்டுக்கு வந்து காபி குடித்தேன். காபியிலும் அந்த வாசமே அடித்தது. உன்மேல் எனக்கு இருந்த பழைய கோபம், பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த மாதிரி புத்தம் புதுசாக எதிரே வந்து நின்றது.

நம் காரின் சரித்திரத்தை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். நீ இருக்கிற இடத்தில் யாராவது கேட்டால் வழக்கம்போல் மாற்றிச் சொல்லிவிடுவாய். எண்பதுகளின் நடுவில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் நிரந்தரத் தொழிலாளி. நான் ஒரு நாள் லீவு போட்டால் தென்னாட்டில் பாதிப் பேர் வேட்டி இல்லாமல் நிற்கவேண்டி வரும் என்று மேஸ்திரியே நடுங்குவார். நீ டிரைவர், ஆனால் ஓட்டுவதற்கு வண்டி கிடையாது. யாருடைய டிரைவருக்காவது காய்ச்சல் என்றால் உனக்கு வேலை. மற்ற நாட்களில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருப்பாய். நீ ஒரு நாள் ஷிப்டு விட்டு வந்த என்னை மில் கேட்டிலேயே மறித்தாய்.

"மச்சான், ஒரு காரு வந்திருக்கு. குன்னூரு டாக்டரு காரு. வீட்டுக்கும் ஆசுபத்திரிக்கும் தவிர எங்கயும் போகாத வண்டி. நீ ம்-னு ஒரு வார்த்தை சொல்லு. மில்லுக்குப் பெரிய கும்பிடாப் போட்டுட்டு வெளிய வந்துரு. நீ மொதலாளி, நான் டிரைவரு."

காரைப் பார்க்கப் போனோம். கார் மினுமினுவென்றுதான் இருந்தது. ஆனால் நான் காரைப் பார்த்து மயங்கவில்லை, டாக்டரைக் கேட்டு மயங்கினேன். அப்படி வளர்த்தாய் அந்த டாக்டரை. அவர் ஹார்ன் அடிக்கவே மாட்டார், நோயாளிகள் திடுக்கிடுவார்கள் என்பதால். அவர் வீட்டம்மா காரில் ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். பின் சீட்டில் இருந்த ஒரு கீறலைக் காட்டி, "இது சீசர் நகம் மச்சான். டாக்டரு வீட்டு நாயி. ஞாயித்துக்கெழம மட்டும் இதுல ஒக்காந்து ஊரப் பாக்கும்" என்றாய். நாய்க்குப் பேர்போன ஊரில் பிறந்தவன் நான். டாக்டரை ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பேன். பெயர் வைத்து ஒரு நாயைச் சொன்ன பிறகு எப்படிச் சந்தேகப்படுவது? மறுவாரம் மில்லில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, கணக்குத் தீர்த்த பணத்தில் அந்தக் காரை வாங்கி வாடகைக்கு விட்டேன்.

இரண்டாம் வருஷம் ஒரு நாள் காலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாய். டாக்டர் தவறிவிட்டாராம். நான் பஸ் ஸ்டாண்ட் பூக்கடையில் மாலை வாங்கி வந்து காரின் முன்பக்கம் சாத்தினேன். அன்றைக்குச் சவாரி எடுக்கவில்லை. நாய் என்ன ஆச்சு என்று கேட்டேன். "சோறு தின்னாமக் கெடக்காம் மச்சான்" என்று சொல்லித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். உனக்காக என் பெண்டாட்டி சுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

துரு மெல்ல மெல்ல வெளியே வந்தது. முதலில் கதவுக்குக் கீழே அம்மைக் கொப்புளம் மாதிரி பெயின்ட் உப்பியது. கிள்ளினால் இரும்பு அப்பளம்போல் உடைந்து கையோடு வந்தது. உலகத்தில் மழை மேலேயிருந்து பெய்யும், நம் காரில் கீழேயிருந்து பெய்தது. வத்திராயிருப்புச் சவாரி ஒன்றில் ஓர் ஆச்சியின் வெற்றிலைப் பை தரையில் இருந்த ஓட்டை வழியாக ரோட்டில் விழுந்துவிட, ஆச்சி இறங்கி, நடந்து போய் எடுத்து, வெற்றிலை போட்டு மென்றுகொண்டே நம் காரை முந்திப் போய் ஊருக்குள் காத்திருந்தாள். குன்னூர்க் காரில் ஏன் இம்புட்டுத் துரு என்று உன்னிடம் கேட்டேன். மலையில் மூடுபனி அதிகம், பனி இரும்பைத் தின்னும் என்றாய். பனி நெல்லைத் தின்னும் என்று நீ சொல்லியிருந்தாலும் அன்றைக்கு நம்பியிருப்பேன்.

மூன்றாம் வருஷம் ஆவணியில் எப்.சி. வந்தது. புரட்டாசி வந்தால் நமக்குத் தீபாவளி என்று உனக்குத் தெரியும். சனிக்கிழமை தவறாமல் ராஜபாளையமே ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் குன்றில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கத் திரளும். நாலு சனிக்கும் குடும்பம் குடும்பமாக நம் காரைச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த மாதம் ஓடினால் அந்த வருஷம் ஓடும். ஓடவில்லையென்றால் நான் மறுபடி மில் கேட்டில் போய்க் கைகட்டி நிற்கவேண்டும். முன்பிருந்த இன்ஸ்பெக்டர் லைட், ஹார்ன், பிரேக்கோடு விட்டுவிடுவார். புதிதாக வந்தவர் கையில் சுத்தியல் வைத்திருந்தார். வண்டியைச் சுற்றி வந்து டொக் டொக்கென்று தட்டுவார். நல்ல இரும்பு கணீரென்று பேசும். பட்டி வைத்து அடைத்த இடம் பொத்தென்று ஊமைச் சத்தம் போடும், இல்லையென்றால் உதிரும். அவர் தட்டிய தட்டில் ஒரு வேன் எலும்புக்கூடாகத் திரும்பிப் போனது என்று ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள்.

டிங்கர் பட்டறையில் காரை நிறுத்தினோம். பட்டறைக்காரர் ஸ்குரூ டிரைவரைக் கதவுக்குக் கீழே லேசாக ஊன்றினார். கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெல்டிங் வைக்கச் சொன்னோம். வெல்டிங் நிற்பதற்கு இரும்பு வேண்டுமே என்றார். பிறகு எண்ணெய் டின்னை வெட்டி ஒட்டுப் போட்டு, மேலே பட்டி, அதன்மேல் ரெட் ஆக்சைடு, அதன்மேல் கறுப்புப் பெயின்ட். அடியில் முழுக்கத் தார். டிரைவர் சீட்டுக்கு அடியில் மட்டும் யாரையும் கை வைக்க விடாமல் நீயே படுத்துப் பூசினாய். எத்தனை பொறுப்பான டிரைவர் எனக்கு வாய்த்திருக்கிறான் என்று பூரித்துப்போனேன்.

அப்போதுதான் என் மூளையில் அந்தத் தெய்வீக யோசனை உதித்தது. புதிதாகப் பூசை போட்ட வண்டிபோல், ஒட்டுப் போட்ட இடத்தில் எல்லாம் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்துவிடலாம். தமிழ்நாட்டில் பிறந்த எந்த மனுஷன் பொட்டின்மேல் சுத்தியலால் அடிப்பான்? பட்டறைக்காரர் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார். நீ மட்டும் சிரிக்கவில்லை.

"சாமி சமாச்சாரம் மச்சான். இதுல வெளாட்டு வேண்டாம்."

"வெளாட்டு எங்கலே இருக்கு? காரு நம்ம கொலதெய்வம். கொலதெய்வத்துக்குப் பொட்டு வச்சா குத்தமா?"

முன்பக்கம், மட்கார்டு, கதவு, பின்பக்கம், டிக்கி என்று வைத்துக்கொண்டே போனேன். வைத்து முடித்தபோது கார் சீர்வரிசைத் தட்டு மாதிரி இருந்தது.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் போகிற வழியில் ஒரு மைதானத்தில் முகாம். இன்ஸ்பெக்டரை இப்போது நினைத்தாலும் எனக்கு வியர்க்கிறது. ஏழடி உயரம். மீசையின் ஒரு நுனியில் காக்காய் உட்கார்ந்தால் தராசு நேராக நிற்க மறு நுனியில் இன்னொரு காக்காய் உட்காரவேண்டும். அவர் சுத்தியலைத் தூக்கியதும் வரிசையில் நின்ற லாரிகள் பயத்தில் தாமாகவே ஆயில் ஒழுக்கின. நம் முறை வந்தது. லைட் எரிந்தது, ஹார்ன் அலறியது, பிரேக்கும் பிடித்தது. பிறகு அவர் சுத்தியலோடு சுற்றத் தொடங்கினார். மட்கார்டின் முன்னால் நின்று கையை ஓங்கினார். பொட்டைப் பார்த்தார். கையை இறக்கினார். கதவுக்குப் போனார், அங்கேயும் பொட்டு. பின்பக்கம் போனார், அங்கே பெரிய பொட்டு. ஒரு சுற்று முழுவதும் சுற்றி வந்தும் ஒரு தட்டுகூடத் தட்டவில்லை. என் நெஞ்சுக்குள் நாலு சனிக்கிழமையும் மேளதாளத்தோடு புறப்பட்டுவிட்டன.

அவர் சுத்தியலைப் பைக்குள் வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். டிரைவர் யார் என்று கேட்டார். நீ முன்னால் போனாய்.

"நானும் சாமி கும்பிடுறவன்தான். பொட்டு மேல அடிக்க எனக்கு மனசு வரல. நீங்க ஒண்ணு செய்ங்க. இதோ, இந்தப் பொட்டு மேல கையை வச்சு, உள்ள துரு இல்லைன்னு சொல்லுங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டு அடுத்த வண்டிக்குப் போயிடுறேன்."

ஜெயித்துவிட்டோம் என்று முடிவு செய்தேன். ஏனென்றால் நீ சத்தியம் செய்யாத பொருள் என்ன இருந்தது? என் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்வாய். உன் இரண்டு கண்மேல் செய்வாய். டீக்கடை பாய்லர்மேல் செய்வாய். தெலுங்கு பேசுகிற வீட்டுக்காரர்களிடம் தெலுங்கிலேயே செய்வாய். பஞ்சர் ஆகாத டயரைப் பஞ்சர் என்று சத்தியம் செய்து மத்தியானம் தூங்கினவன் நீ. ஒரே ஒரு பொய். மூன்றே வார்த்தை. உன் வாய்க்கு அது வெற்றிலைச் சாறு துப்புகிற வேலை.

முன்பக்கப் பொட்டின்மேல் கையை வைத்தாய். உள்ளங்கை வியர்வையில் குங்குமம் கரைந்து விரலிடுக்கில் வழிந்தது.

"இருக்கு சார்" என்றாய். "பொட்டு உள்ள எடமெல்லாம் இருக்கு. பொட்டு இல்லாத எடத்துலயும் இருக்கு."

மைதானமே சிரித்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். நீ நிறுத்தவில்லை. "டிரைவர் சீட்டுக்கு அடியில சேஸே விட்டுப்போச்சு. நான்தான் தகரம் வச்சு அடைச்சிருக்கேன். வாங்கும்போதே அப்படித்தான். இது குன்னூரு காரு இல்ல. தூத்துக்குடி உப்பளத்துக் காரு."

எப்.சி. கிடைக்காதது பற்றி எனக்கு அந்த நிமிஷம் ஒன்றும் தோன்றவில்லை. வண்டியின் முதுகெலும்பான சேஸை அறுத்துப் புதுசு வைத்துக் கொண்டுவரச் சொன்னார், உன் தோளில் தட்டிக் கொடுத்தார், உண்மை பேசுகிற டிரைவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். எனக்கு எதுவும் காதில் சரியாக ஏறவில்லை. மூன்று வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினவன், என் வீட்டில் சாப்பிட்டவன், என்னிடம் சொல்லாததை முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாயே என்பது மட்டும்தான் மனசில் ஓடியது. சொல்லப்போனால் பொய் என்னுடைய துறை. ஊரில் எல்லோரையும் நான் அளந்து வைத்திருந்தேன். என்னை நீ அளந்து வைத்திருந்தாய்.

திரும்பி வரும்போது நீதான் ஓட்டினாய். மம்சாபுரம் விலக்கு தாண்டியதும் கேட்க ஆரம்பித்தேன்.

"டாக்டரு?" என்றேன்.

"இல்ல மச்சான்."

"செத்துப்போனாரே, அவரு?"

"இருந்தாத்தானே சாவுறதுக்கு."

"சீசரு?"

நீ கியரை மாற்றினாய். "அதுவும் இல்ல."

அந்த நாய் இல்லை என்றபோதுதான், மாப்ளே, எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஏம்லே அப்படிச் செஞ்ச?"

"உள்ளதச் சொல்லியிருந்தா நீ மில்ல விட்டு வந்திருக்க மாட்ட."

"வந்திருக்க மாட்டம்லே. அதுக்குத்தான் உள்ளதச் சொல்லணும்."

ராஜபாளையம் வந்ததும் சாவியைப் பானெட்டில் வைத்துவிட்டு நடந்து போனாய்.

கார் பழைய இரும்புக்குப் போனது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நம்மிடம் சொல்லி வைத்திருந்த குடும்பங்கள் வேறு கார்களில் போவதை மில்லுக்குப் போகிற வழியில் நின்று பார்த்தேன். ஆமாம், மில்லுக்குத்தான். நிரந்தர வேலையில் இருந்தவனைப் பதிலியாக எடுத்துக்கொண்டார்கள். யாராவது வராத நாளில் எனக்கு வேலை. மற்ற நாளில் கேட்டில் நின்று, பெயரைக் கூப்பிடுகிறார்களா என்று பார்த்துவிட்டுத் திரும்புவேன். நீ டீக்கடை பெஞ்சில் எப்படி இருந்தாயோ அப்படி. நீயோ செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு லாரி ஓட்டப் போய்விட்டாய்.

கல்யாண வீடுகளில் பார்த்துக்கொள்வோம். சௌக்கியமா என்பாய், சௌக்கியம் என்பேன். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுப்பாய். அதற்குள் நான் நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, உனக்கும் கேட்கட்டும் என்று, பொட்டுக் கதையை ஆரம்பித்துவிடுவேன். வருஷத்துக்கு வருஷம் இன்ஸ்பெக்டர் வளர்ந்துகொண்டே போனார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு கடைசியாக நீ சிரிப்பாய். உன்னைப் பார்த்து ஊரைச் சிரிக்கவைப்பதுதான் எனக்குக் கிடைத்த நஷ்ட ஈடு. அதைக் குறைவில்லாமல் வசூலித்தேன்.

போன பங்குனியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. உன் வீட்டில் எல்லாம் முடிந்து, ஆண்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது, உன் லாரிக் கூட்டாளிகள் அந்தக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். அவர்களுக்கு நீயே சொல்லியிருக்கிறாயாம், ஆனால் நான் சொன்னால்தான் ருசி என்றும் சொன்னாயாம். சொன்னேன். சாவு வீடு என்றுகூடப் பார்க்காமல் சிரித்தார்கள். வாசல் நிலையில் நின்று கேட்ட உன் மூத்த மகளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துப் பக்கத்தில் வந்து கேட்டாள்.

"மாமா, அப்பா பொறவு ஒங்ககிட்ட வருத்தப்பட்டுச் சொன்னாவளா?"

"இல்ல தாயி" என்றேன். "அவன் சொன்னதெல்லாம் இன்ஸ்பெக்டருகிட்டதான்."

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குக் கோபம் போகவில்லை, மாப்ளே. போய்விட்டது என்று எழுதினால் அதுவும் பட்டி பார்த்ததுதான். இன்றைக்கும் எந்தக் காரில் ஏறினாலும் உட்காருவதற்கு முன்னால் காலடி விரிப்பைத் தூக்கிப் பார்க்கிறேன். மருமகன் புதுக் கார் வாங்கி வந்து நிறுத்தியபோதும், எல்லோரும் தேங்காய் உடைக்கக் காத்திருக்க, நான் குனிந்து விரிப்பைத் தூக்கினேன். அவன் முகம் சுருங்கிப்போனது. யாராவது ஒரு நல்ல சேதி கொண்டுவந்தால், அதில் நாய் வருகிறதா என்று கவனிக்கிறேன். நாய் வந்தால் நம்புவதில்லை. இதெல்லாம் நீ கொடுத்துவிட்டுப் போனது, என்னோடுதான் இருக்கிறது.

உன் மகளிடம் சொன்ன பதில் மட்டும் நேற்றிலிருந்து உறுத்துகிறது. ஆகையால் கேட்டுக்கொள். இன்ஸ்பெக்டரின் ஏழடி பொய்; என் தோளுக்குத்தான் இருப்பார், மீசையே கிடையாது. ஆச்சி காரை முந்தியது பொய். மைதானம் சிரித்ததும் பொய், ஒருவரும் சிரிக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் உன் வாயில் ‘சார்’ என்று ஒரு வார்த்தையைப் போட்டு வந்தேன். அதை நான்தான் சேர்த்தேன். நிஜம் இதுதான். பொட்டின்மேல் கையை வைத்த பிறகு நீ அந்த மனுஷன் பக்கம் திரும்பவே இல்லை. காருக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்து, "இருக்கு மச்சான்" என்றாய்.